கோலுக்கு வைஃபை எதற்கு?

பார்வையற்றோரின் கைக்கோலாகட்டும், மின்சக்கர நாற்காலியாகட்டும், உள்ளே இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் வேகமானதாகவும் கைபேசியோடு எப்போதும் இணைந்ததாகவும் இருந்தால்தான் அது நவீனக் கருவி என்ற நம்பிக்கை பொறியியல் கல்லூரிகளில் ஊறிப்போயிருக்கிறது. கடைசி ஆண்டு புராஜெக்ட் என்றாலே இஎஸ்பி32 போர்டு, வைஃபை, ஒரு செயலி. இந்த நம்பிக்கை தவறு. கருவியை நம்பித் தெருவில் இறங்குபவரை நடுவழியில் கைவிடக்கூடியது.

கோலின் வேலை மிகச் சிறியது. அல்ட்ராசோனிக் சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்புகிறது. எதிரொலி வரும் நேரத்தை வைத்துச் சில்லு தொலைவைக் கணக்கிட, கைப்பிடி அதிர்கிறது. மூன்று மீட்டர் போய்த் திரும்ப ஒலிக்கு 18 மில்லிசெகண்ட் போதும். நொடிக்குப் பத்து முறை அளந்தாலும் பெரும்பாலான நேரம் சில்லு தூங்கலாம். ஏடிடைனி85 போன்ற எட்டுபிட் சில்லே இதற்குத் தாராளம். தூக்கத்தில் அது எடுப்பது ஒருசில மைக்ரோஆம்பியர். இஎஸ்பி32 வைஃபையில் வெறுமனே காத்துக்கொண்டிருந்தாலே சுமார் 100 மில்லியாம்பியர், அனுப்பும்போது 240 வரை. 1000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி பத்து மணி நேரத்தில் காலி.

ஆழ்ந்த தூக்கத்தில் இஎஸ்பி32-க்கு 10 மைக்ரோஆம்பியர்தானே என்பார்கள். அது சில்லின் கணக்கு, போர்டின் கணக்கல்ல. பல போர்டுகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் மட்டுமே ஐந்து மில்லியாம்பியர் அளவுக்குத் தின்றுவிடும். தூங்கும் சில்லு எடுப்பதைப் போல ஐந்நூறு மடங்கு. பேட்டரி வயரில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதைச் செய்யாமலே மாடல் தேர்வாகிவிடுகிறது என்பதுதான் கொடுமை.

நெய்வேலியில் இன்னொரு வாதமும் எழலாம்: பழுப்பு நிலக்கரியிலிருந்து ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் நகரியத்தில் சார்ஜ் போட என்ன தட்டுப்பாடு? மந்தாரக்குப்பம் போகும் வழியில் கோல் அணைந்தால் வீட்டுச் சுவரில் உள்ள பிளக் உதவாது. அந்தப் பிளக்கிலும் எப்போதும் மின்சாரம் இருக்கும் என்றில்லை: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், நெய்வேலி அமைந்த கடலூர் மாவட்டத்தைப் புரட்டியபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன.

ஐஐடி டெல்லி வடிவமைத்து, சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்து 2014-இல் வெளிவந்த ஸ்மார்ட்கேன் முழங்காலுக்கு மேலுள்ள தடைகளை அதிர்வால் உணர்த்துகிறது. அந்த எச்சரிக்கைக்குக் கைபேசியோ இணையமோ வேண்டியதில்லை.

வயர்லெஸ்ஸே வேண்டாம் என்பதல்ல. வருவது எந்தப் பேருந்து என்று அறிய ரேடியோ தேவை. அதே ஐஐடியின் ஆன்போர்டு கருவி அப்படித்தான் இயங்குகிறது. தேவைப்படும் இடத்தில் என்ஆர்எஃப்52832 போன்ற குறைமின் புளூடூத் சில்லு சுமார் ஐந்து மில்லியாம்பியரில் அனுப்பிவிடும். தொலைதூரத்துக்கு லோரா ரேடியோ என்றால் இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 865–868 மெகாஹெர்ட்ஸ் மாடலைப் பார்த்து வாங்க வேண்டும்; அமெரிக்காவுக்கான 915 மாடல் இங்கே செல்லாது.

சக்கர நாற்காலியில் இந்த மோகம் இன்னும் ஆபத்தானது. ஜாய்ஸ்டிக்கை எடுத்துவிட்டுக் கைபேசி வழியே ஓட்டினால், இணைப்பு அறுந்த பின்னும் கடைசிக் கட்டளையிலேயே மோட்டார் ஓடக்கூடும். அறுந்த உடனே நிறுத்தும் வாட்ச்டாக் ஏற்பாடும், உட்கார்ந்தவரின் கைக்கெட்டும் இடத்தில் நேரடி வயரில் இயங்கும் நிறுத்து சுவிட்சும் இல்லாத நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது.