ஆகாயத்தில் சார்ஜ் போடலாமா?

மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போனால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். ஒரு படத்தின் இடைவேளை வரை பார்த்துவிடலாம், போனில் சார்ஜ் இருந்தால்! ஆனால் நம்ம ஊர் ஆட்கள் ஏர்போர்ட் வருவதற்குள் பாட்டு கேட்டே பாதி பேட்டரியைக் காலி செய்துவிடுவார்கள். சீட்டில் உட்கார்ந்ததும் கை தானாகப் பவர் பேங்க்கைத் தேடும்.

இனி அது நடக்காது. விமானத்தில் பவர் பேங்க் மூலம் சார்ஜ் போடக் கூடாது என்று டிஜிசிஏ 2025 நவம்பரில் சுற்றறிக்கை விட்டுவிட்டது. கைப்பையில் கொண்டு போகலாம். செக்-இன் பெட்டியிலோ, தலைக்கு மேலே உள்ள அறையிலோ வைக்கக் கூடாது.

"முன்பு டேக்-ஆஃபின்போது எம்பி3 பிளேயரைக்கூட அணைக்கச் சொன்னார்கள், பிறகு விட்டுவிட்டார்களே, இதுவும் அப்படித்தான்" என்று சிலர் சொல்லக்கூடும். அது வேறு, இது வேறு. அன்றைய பயம் சிக்னல் பற்றியது. அது குறைந்ததும் 2014-ல் ஃபிளைட் மோடில் பயன்படுத்த டிஜிசிஏ அனுமதி கொடுத்தது. இன்றைய பயம் தீ பற்றியது. 2025 ஜனவரியில் தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் கிளம்புவதற்கு முன்பே எரிந்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியிலிருந்து திமாபூர் கிளம்பிய இண்டிகோ விமானத்திலும் ஒரு பயணியின் பவர் பேங்க் தீப்பிடித்தது. நல்லவேளை, அப்போது விமானம் தரையில் இருந்தது.

லித்தியம் பேட்டரிக்குள் ஷார்ட் ஆனால் சூடு சூட்டை வளர்த்துக்கொண்டே போகும். சரக்கு அறையில் உள்ள தீயணைப்பு வாயு சுடரை அடக்கலாம், பேட்டரியின் சூட்டை நிறுத்தாது. கண்ணெதிரே இருந்தால் ஊழியர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கலாம். "கைப்பையில் மட்டும்" என்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே தடை சரிதான். ஆனால் தடையோடு கடமை முடிந்துவிடுமா?

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து மதுரை வழியாக வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். விசா நகல், முதலாளியின் நம்பர், அழைத்துப் போக வருபவரின் போட்டோ எல்லாம் அந்த ஒரு போனில்! இறங்கும்போது அது அணைந்திருந்தால் அவர் கதி? அவருக்குப் பவர் பேங்க் ஆடம்பரமல்ல.

விமானக் கம்பெனிகள் செய்ய வேண்டியது இரண்டு. நீண்ட தூர விமானங்களில் ஒவ்வொரு சீட்டிலும் வேலை செய்கிற சார்ஜிங் பாயிண்ட் வேண்டும். மதுரையிலிருந்து கிளம்பும் விமானங்களில் இந்த விதியைத் தமிழிலும் சொல்ல வேண்டும். புரியாத அறிவிப்பு பாதுகாப்பு ஆகாது.

பயணிகளுக்கும் ஒரு கணக்கு: எம்ஏஹெச்சை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-ஹவர். 20,000 எம்ஏஹெச் என்றால் 74. 100 வரை தனி அனுமதி வேண்டாம். அதைவிடச் சுலபமான வழி, முதல் நாள் ராத்திரி வீட்டிலேயே முழுசாகச் சார்ஜ் போட்டுவிடுவது!