தேவாங்கின் கண்ணும் நமது டோர்ச்சும்

மெலிந்து, கண் மட்டும் பெரிதாகத் தெரியும் பெண்பிள்ளையைக் கண்டால் "தேவாங்கு மாதிரி" என்று சொல்லிவிடுவோர் நம்மிடையே உண்டு. சொல்லுகிறவர்களில் எத்தனை பேர் தேவாங்கைக் கண்டிருப்பார்களோ தெரியாது. சென்ற வருடம் மச்சாளுடன் சீகிரியாப் பக்கம் போயிருந்தபோதுதான் நான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். எவ்வளவு அழகான பிராணி! அந்தப் பேச்சைக் கேட்டு முகம் வாடும் பிள்ளைகள் இனிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

நமது நாட்டில் தேவாங்கு இரண்டு இனம். ஈரவலயத்துச் செந்தேவாங்கு உலகில் வேறெங்கும் இல்லை. உலர்வலயத்துச் சாம்பல்நிறத் தேவாங்கு தென்னிந்தியாவிலும் உண்டு. வால் கிடையாது. கைகால்கள் ஈர்க்குப் போல மெல்லியவை. நன்றாக வளர்ந்தாலும் நிறை கால் கிலோ அளவுதான். பகலெல்லாம் கிளையில் சுருண்டு தூங்கும். இருட்டிய பின் எறும்பு, வண்டு, பல்லி என்று தேடித் தின்னும். அதற்கு அந்தக் கண்கள்தான் பிழைப்பு. அந்தக் கண்களுக்காகவே அதைக் கொன்றதும் உண்டு. மருந்துக்கும் வசியத்துக்கும் ஆகும் என்று நம்பினார்கள்.

இப்போது அந்தக் கண்ணுக்கு வந்திருக்கும் தொல்லை நமது டோர்ச் வெளிச்சம்.

விழித்திரையில் கோல், கூம்பு என இருவகைக் கலங்கள் இருப்பதைப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவுபவை கோல்கள். இரவில் நடமாடும் விலங்குகளுக்கு இவைதான் மிக அதிகம். போதாததற்கு, விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலமும் இருக்கிறது. உள்ளே போன ஒளியை அது மறுபடியும் திருப்பி அனுப்புகிறது. பூனையின் கண் இருட்டில் பளபளப்பது இதனால்தான். நிலா வெளிச்சமே போதுமான இந்தக் கண்ணுக்கு நேரே வெள்ளை டோர்ச்சை அடித்தால் என்னவாகும்? பிரகாசமான அறையிலிருந்து இருட்டுக்குள் போனால் நமது கண்ணே முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கிறது. அதுவரை நாம் சுவரைத் தடவி நடப்போம். மரக்கிளையில் தொங்கும் தேவாங்கு எதைத் தடவும்?

கோல்கள் பச்சை, நீல ஒளியை நன்றாக உணரும். கடுஞ்சிவப்பை உணர்வது மிகக் குறைவு. ஆகவேதான் ஆராய்ச்சியாளர்கள் விளக்கின் முன்னால் சிவப்பு வடிகட்டி பொருத்தித் தேவாங்கைத் தேடுகிறார்கள். சிவப்பு அதற்கு அறவே தெரியாது என்றில்லை, மங்கலாகத் தெரியும். ஆகையால் அதையும் முகத்துக்கு நேரே நீண்ட நேரம் பிடிப்பதில்லை.

எங்களை அழைத்துச் சென்ற கிராமத்துத் தம்பி நெற்றியில் சிவப்பு விளக்குக் கட்டியிருந்தார். ஒரு மணித்தியாலம் நடந்த பிறகு, புதருக்குள் இரண்டு தணல் துண்டுகள் போலக் கண்கள் தெரிந்தன. பேசாமல் நின்றோம். அது எங்களைப் பொருட்படுத்தவில்லை. கையை மெதுவாக நீட்டி, எதையோ பிடித்து, வாயில் போட்டு மென்றது. மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்போது பின்னால் வந்த இன்னொரு குழு வெள்ளை டோர்ச்சையும் கெமரா வெளிச்சத்தையும் ஒன்றாக அடித்தது. தேவாங்கு அப்படியே உறைந்து, முகத்தைக் கிளைக்குள் புதைத்துக்கொண்டது. எங்களுக்கும் அதன்பின் ஒன்றும் தெரியவில்லை.

"படம் கிடைத்தால்தான் கூடக் காசு தருவார்கள், அக்கா" என்றார் தம்பி. வெளிச்சம் அடிக்கச் சொல்லும் விருந்தாளிகள் இருக்கும்வரை அந்தக் குழுவை அழைத்து வந்தவரைப் போன்றவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமில்லை. அவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. காசு கொடுக்கும் நாம்தான் "சிவப்பு விளக்கு இருக்கிறதா?" என்று புறப்படும் முன்பே கேட்க வேண்டும். இருந்தால் போவோம், இல்லையென்றால் வேண்டாம்.

தங்காலைக்கு அருகே றெக்கவ கடற்கரையிலும் இதே கதைதான். உலகிலுள்ள 7 இனக் கடலாமைகளில் 5 நமது கரைகளில் முட்டையிடுகின்றன. வெள்ளை வெளிச்சம் பட்டால் தாயாமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். குஞ்சுகளோ வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று எண்ணி, வீதியை நோக்கி ஊரும்.

இதற்காக விலைகூடிய விளக்குத் தேவையில்லை. வெசாக் காலத்தில் கூடு கட்ட வாங்கும் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக டோர்ச் முகத்தில் வைத்து, இறப்பர் வளையம் போட்டால் போதும். பின்வளவில் மரநாய், ஆந்தை பார்க்கப் பிள்ளைகளுக்கும் செய்து கொடுக்கலாம். பாம்பு நடமாடும் இடமென்றால் வழி பார்க்க வெள்ளை டோர்ச் ஒன்றும் கையில் இருக்கட்டும். அதை நிலத்தை நோக்கியே பிடியுங்கள்.