ஸ்பான்சர் பணம் வேற, சந்தா வேற!

ஸ்பான்சர் கிடைச்சா சங்கம் ஓடிடும்னு நினைக்கிறீங்களா? ஓடாது.

அமெரிக்காவில் 1919-ல் தொடங்கிய தொழில், உத்தியோகப் பெண்கள் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பையே பாருங்க. முதல் உலகப்போர் கால நிதிதான் அதற்கு விதை. ஆனா 90 வருஷம் அதைத் தாங்கினது உறுப்பினர் சந்தா. உறுப்பினர்கள் குறைஞ்சுபோய், 2009-ல் தன் சொந்த அறக்கட்டளையோடயே இணைய வேண்டியதாப் போச்சு.

உங்க சங்கப் பொருளாளர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: வாடகை, சம்பளம், ஆடிட் மூணுக்கும் இந்த வருஷச் சந்தா போதுமா? ஸ்பான்சர் பணத்தை நிகழ்ச்சிகளுக்கு மட்டும் வையுங்க, தனிக் கணக்குல.

சின்னக் கடை நடத்துறவங்களுக்குச் சந்தாவைக் குறைங்க; ஆனா இலவசமாக்காதீங்க. காசு கட்டுறவங்கதான் கணக்குக் கேட்பாங்க. கணக்குக் கேட்க ஆள் இருக்கிற சங்கம்தான் நிலைக்கும்.