சாவி யார் கையில்?

இயந்திரத்தில் சிக்கியோ மின்சாரம் தாக்கியோ ஒரு தொழிலாளி மாண்டால், நாளேடுகளில் அச்செய்தி நான்கு வரிகளைத் தாண்டுவதில்லை. அந்த நான்கு வரிகளிலும் தவறாமல் இடம்பெறும் சொல் ‘கவனக்குறைவு’. யாருடைய கவனக்குறைவு என்று எழுத வேண்டியதில்லை. மாண்டவனுடையது என்பது சொல்லாமலே விளங்கும்.

தாராவியின் 13-ஆம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கைத் துண்டாக்கும் அரவை இயந்திரங்கள் நாள் முழுதும் ஓடுகின்றன. கத்திகளுக்கிடையே பொருள் அடைத்துக்கொண்டால், ஒருவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையை உள்ளே விடுகிறார். சுவிட்ச் சுவருக்கு அப்பாலோ ஏணிக்கு அடியிலோ இருக்கும். உள்ளே கை இருப்பதை அறியாமல் இன்னொருவர் அதைப் போடுகிறார். அவ்வளவுதான். சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்தால், போன மின்சாரம் திரும்பி வந்தாலே போதும். கையை இழந்தவரும் தொழிலாளி, சுவிட்சைப் போட்டவரும் தொழிலாளி; முதலாளியோ அந்த இடத்திலேயே இல்லை! சயான் மருத்துவமனை வாசலோடு விவகாரம் முடிகிறது.

இதைத் தடுக்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. பழுது பார்க்குமுன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும். வேலை செய்பவரின் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். தேங்கியிருக்கும் விசையை, அதாவது மின்தேக்கியிலுள்ள மின்சாரத்தை, குழாயில் அடைபட்ட காற்றையும் நீராவியையும், வெளியேற்ற வேண்டும். பிறகு இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து, அது ஓடவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். பூட்டின் சாவி வேலை செய்பவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். மேஸ்திரியிடமோ மேலாளரிடமோ அல்ல.

பூட்டின் விலை சில நூறு ரூபாய். முதலாளிகளை உறுத்துவது அந்த விலையல்ல. சாவி தொழிலாளியிடம் இருக்கும் அந்த இருபது நிமிடங்களுக்கு இயந்திரம் அவருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டது. எவ்வளவு அவசர ஆர்டரானாலும் அவர் சொல்லாமல் உற்பத்தி தொடங்காது. இந்த அதிகாரத்தைத்தான் மூலதனம் விட்டுத்தர மறுக்கிறது. எடைக்குக் கூலி வாங்கும் தொழிலாளிக்கோ இயந்திரம் நிற்கும் நேரமெல்லாம் தன் கூலியும் நிற்கிறது. அவரே அவசரப்படுவதில் வியப்பில்லை.

தாராவி கிடப்பது மேற்கு, மத்திய ரயில் பாதைகளுக்கு நடுவே. மாட்டுங்கா வழியாகச் செல்லும் பாதையின் மேல்நிலைக் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். அதில் கை வைக்குமுன் மின்தடை பெற வேண்டும், எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும், கம்பியைத் தரையோடு இணைக்க வேண்டும் என்பது ரயில்வே விதி. சில நூறு அடி தள்ளியுள்ள பட்டறையில் மின்சாரத்திற்கு எந்த விதியும் நடைமுறையில் இல்லை.

பெரிய நிறுவனம் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடுவதுமில்லை. 2015 டிசம்பரில் மும்பை விமான நிலையத்தில், தரையிலிருந்த பணியாளர் விலகிவிட்டாரா என்பது உறுதியாகுமுன் ஏர் இந்தியா விமானம் நகர்ந்தது. பொறியியல் பணியாளர் ஒருவர் அதன் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு மாண்டார். 2019 ஜூலையில் கொல்கத்தாவில், ஸ்பைஸ்ஜெட் விமானத்தின் சக்கரக் கதவுகள் திடீரென மூடிக்கொண்டதில் ஒரு தொழில்நுட்பப் பணியாளர் நசுங்கி இறந்தார். செம்பூர் மாகுலின் சுத்திகரிப்பு ஆலைகளில் பர்மிட் முறை உண்டு என்பார்கள். 1988-இல் வடகடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையிலும் பர்மிட் இருந்தது. பழுதுக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த செய்தி அடுத்த ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பம்ப் இயக்கப்பட்டது. 167 பேர் மாண்டனர்.

சட்டம் இல்லாமலும் இல்லை. மின்விசையைத் துண்டிக்கும் கருவி தற்செயலாக ‘ஆன்’ நிலைக்கு நகரக்கூடியதானால், அதைப் பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் 1976-லேயே சேர்க்கப்பட்டது. அமெரிக்கா இதற்கெனத் தனி விதி வகுத்ததே 1989-இல்தான். ஆனால் அச்சட்டப்படி மின்விசையுடன் 10 தொழிலாளர்கள் இருந்தால்தான் அது தொழிற்சாலை. தாராவிப் பட்டறைகளில் பெரும்பாலானவை அன்றே தப்பிவிட்டன.

மோடி அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 20 ஆக உயர்த்திவிட்டது. இயந்திரப் பாதுகாப்பு குறித்த விரிவான பிரிவுகள் சட்டத்தின் உடலிலிருந்து அகற்றப்பட்டு, அரசு அறிவிக்கும் விதிகளுக்கும் தரங்களுக்கும் தள்ளப்பட்டுள்ளன. நாடாளுமன்றம் கூடாமலே மாற்றக்கூடியவை அவை. ஆய்வாளர் இப்போது ‘ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பாளர்’. யாருக்கு வசதி என்று கேட்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் மட்டுமே ஆண்டுக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்ட நாட்டில்தான் இந்தச் ‘சீர்திருத்தம்’. பதிவே இல்லாத பட்டறைகளின் சாவுகள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

தொழிலாளர் எண்ணிக்கை எதுவாயினும், மின்விசை உள்ள ஒவ்வொரு கூடத்திலும் பூட்டும் அட்டையும் கட்டாயம், சாவி பழுது பார்ப்பவரிடமே, இயந்திரம் நிற்கும் நேரத்திற்கும் கூலி என்பவை விதிகளில் இடம்பெறத் தொழிற்சங்கங்கள் போராட வேண்டும். தாராவியிலும் செம்பூரிலும் உள்ள தோழர்கள், தங்கள் பகுதிப் பட்டறைகளில் எத்தனை மெயின் சுவிட்சுகளில் பூட்டு மாட்ட ஒரு துளையாவது இருக்கிறது என்று எண்ணுவதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.