விதைநெல்லை இழந்த வைத்தியசாலைகள்

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் 1951ஆம் ஆண்டில் கட்டணம் நீக்கப்பட்டது. ஏழையின் நோய்க்கு அரசே பொறுப்பு என்னும் அக்கொள்கை இந்நாட்டின் பெருமை. ஆனால் வைத்தியர் இல்லாத அறையும் மருந்து இல்லாத அலமாரியும் இலவசமாயிருப்பதால் நோயாளிக்கு வரும் நன்மை யாது?

கண்டி மாநகரைத் தலைமுறை தலைமுறையாகத் துப்புரவு செய்துவரும் தொழிலாளர் குடும்பங்கள் வாழுமிடம் மஹய்யாவ. நகரத்தின் நோயைத் தம் கையால் அகற்றும் இம்மக்களுக்கு நோய் வந்தால் புகலிடம் அரசாங்க வைத்தியசாலை ஒன்றே. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களிலிருந்து ஒருநாட் கூலியை இழந்து வருபவருக்கும், வயலை விட்டு வரும் கமக்காரருக்கும் நிலை இதுவே. பணம் படைத்தவர் தனியார் மருத்துவமனைக்குச் செல்வர். ஏழை எங்கே செல்வான்?

2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில், மருந்துத் தட்டுப்பாட்டினால், திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. செய்தி கேட்டு இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் உதவ முன்வந்தார். அயல்நாட்டு அமைச்சரின் காதுக்கு எட்டிய அபயக்குரல், நம்மவர் காதுக்கு ஏன் உரிய வேளையில் எட்டவில்லை?

மருந்தை மறுநாள் வாங்கலாம். வைத்தியரை வாங்க முடியுமா? பேராதனையில் 1962 முதல் மக்கள் பணத்தில் மருத்துவர்கள் உருவாக்கப்படுகின்றனர். நெருக்கடி வந்ததும் அரசாங்கம் செய்தது என்ன? 2022 ஜூனில், அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல வழிதிறந்தது. அதே ஆண்டில் ஓய்வு வயதை 60 ஆகக் குறைக்கத் தீர்மானித்தது. அதனை எதிர்த்து விசேட வைத்திய நிபுணர்கள் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. இளையவருக்கு வாசலைத் திறந்துவிட்டு, மூத்தவரை வீட்டுக்கு அனுப்ப முனைந்தபின் வைத்தியர் பற்றாக்குறை என்று கைவிரிப்பது, விதைநெல்லைக் குற்றியுண்டவன் வானத்தை நோவது போன்றதாகும். வெளிநாடு செல்லும் வைத்தியரை நாம் பழிக்கவில்லை. வாழ வழியில்லாத நிலையை உண்டாக்கியவர்களையே கேட்கின்றோம்.

அக்காலத்தில் சுகாதார அமைச்சராயிருந்தவர் கண்டி மாவட்ட மக்களின் பிரதிநிதியான கெஹெலிய ரம்புக்வெல்ல. 2023 செப்டம்பரில் பாராளுமன்றப் பெரும்பான்மை, அவர் மீதான நம்பிக்கையில்லாப் பிரேரணையைத் தோற்கடித்தது. 2024 பெப்ரவரியில், தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு தொடர்பான விசாரணையில் அவர் கைதானார். குற்றம் உண்டா இல்லையா என்பது நீதிமன்றம் கூறவேண்டியது. ஆயினும் மருந்து, நோயாளியின் உடலிற் சேருமுன் தரம் பார்க்கப்பட்டதா என்று கேட்கும் உரிமை எந்தக் குடிமகனுக்கும் உண்டு.

இன்னுமொரு குறை உண்டு. அரசியலமைப்பின்படி தமிழும் அரசகரும மொழி. ஆனால் நோயாளி தன் வலியைத் தமிழிற் சொன்னால் விளங்கிக்கொள்ளத் தாதியோ உத்தியோகத்தரோ அருகில் இல்லையெனில், அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே. நோயைச் சொல்லவியலாதவனுக்கு எவ்வாறு நோய் தீரும்?

2024இல் ஆட்சி மாறிற்று. முன்னிருந்தோரின் குற்றத்தைச் சொல்லிக் காலங்கழிக்க, மாற்றம் கேட்ட மக்கள் வாக்களிக்கவில்லை. எனவே நாம் கேட்பவை இவை. ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் அனுமதிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, கடமையிலிருப்போர் எத்தனை பேர், வெற்றிடங்கள் எத்தனை என்பது மூன்று மாதத்திற்கொருமுறை மும்மொழியிலும் வெளியிடப்படல் வேண்டும். தமிழ் நோயாளர் மிகுதியாக வரும் வாட்டுகளில் தமிழறிந்த தாதியர் நியமிக்கப்படல் வேண்டும். தகுதிபெற்ற வைத்தியர் இன்றி இயங்கும் தோட்ட மருந்தகங்களை அரசு முழுமையாகப் பொறுப்பேற்றல் வேண்டும். மருந்தினால் மரணம் நேர்ந்ததென ஐயம் எழுந்தால், விசாரணை அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்படல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் சலுகையன்று. வரி செலுத்தும் உழவனும், நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டும் தொழிலாளியும், ஊரைத் துப்புரவு செய்பவனும் கேட்கும் கணக்கு. கணக்குக் காட்டுவது ஆள்வோர் கடமை. காட்டும்வரை கேட்பது நம் கடமை. படித்தோரும் உழவரும் ஒருங்கே நின்று கேட்போமாக!