வாசலில் கொஞ்சம் மண் இருக்கட்டும்

சென்னையில் வீடு கட்டி முடித்ததும் கடைசி வேலை வாசலை மூடுவது. மதிலிலிருந்து படி வரை பேவர் பிளாக், தண்ணீர் தெருவுக்கு ஓட ஒரு சரிவு. நடுவில் வேப்பமரம் நின்றால் அதன் தண்டை இறுக்கிப் பிடித்தபடி சிமெண்ட். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 200 சதுர அடி வாசலில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 1,850 லிட்டர். நாம் காசு கொடுத்து வாங்கும் 20 லிட்டர் கேனில் தொண்ணூறுக்கு மேல். அடியில் கலவை போட்டுப் பதித்த கல் அதில் பெரும்பகுதியைத் தெருவுக்குத் தள்ளிவிடுகிறது. தெருவில் எல்லா வாசலும் அப்படித் தள்ளினால் முழங்கால் அளவுத் தண்ணீருக்கு வடிகாலை மட்டும் திட்டிப் பயனில்லை. 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. மொட்டைமாடித் தண்ணீருக்குக் குழாய் வைத்தோம். தானாகவே உறிஞ்சிக்கொண்டிருந்த மண்ணை மூடினோம். 2015-இல் வெள்ளத்தில் மிதந்த ஊர் 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது.

வேர் ஓடிய மண் பொலபொலவென்று இருக்கும். மண்புழுவும் வேரும் போட்ட துளைகளில் நீர் இறங்கும். திருவான்மியூர் மணலில் வேகமாக, களிமண் பகுதிகளில் மெதுவாக. வெயிலிலும் இதே மண்ணும் அதில் முளைக்கும் புல்லும் உதவுகின்றன. இலை வழியாக ஒரு லிட்டர் நீர் ஆவியாக, முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவான வெப்பம் செலவாகிறது. கல்லோ பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் வீட்டுக்குள் அனுப்புகிறது. பிளாஸ்டிக் புல்விரிப்பு இன்னும் மோசம். மே மாத மதியத்தில் அதன்மேல் வெறுங்கால் வைத்துப் பாருங்கள்.

குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் புல்வெளியா என்று கேட்பது நியாயம். தினமும் குழாய் பிடிக்க வேண்டிய கொரியன் புல்லை நானும் பரிந்துரைக்க மாட்டேன். வெட்டி வெட்டிப் பச்சைக் கம்பளமாக வைத்திருப்பது நம் வெயிலுக்கு ஒத்துவராத ஆடம்பரம். அருகம்புல் கோடையில் காய்ந்தாலும் முதல் மழையில் துளிர்க்கும். தரையோடு படரும் பொடுதலைக்குக் கத்தரிப்பும் அதிகம் வேண்டாம். அதன் சின்னப் பூவுக்கு வண்ணத்துப்பூச்சி வரும். கொசு வரும் என்பவர்கள், டெங்கு பரப்பும் ஏடிஸ் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது என்பதை மறக்கிறார்கள். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டைக் கவிழ்த்தால் போதும். பாம்பு வருவது எலியைத் தேடித்தான். செங்கல் குவியலையும் குப்பையையும் அகற்றுவதே அதற்கு வழி. கார் நிறுத்த வேண்டுமா, சக்கரம் ஓடும் இரண்டு பட்டைக்கு மட்டும் கல் போடலாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் முழு வாசலையும் உடைக்கச் சொல்லவில்லை. மரத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்து, ஒரு பிடி அருகம்புல்லை ஊன்றி வையுங்கள்.