உறவினர் வீட்டுக்கு ரைஸ் குக்கர் எதற்கு?

நம் சங்கத்துக் குடும்பங்கள் வெளிநாட்டுப் பயணம் போவது இப்போது சகஜமாகிவிட்டது. மகன் சிங்கப்பூரில், மகள் துபாயில், மைத்துனர் பிள்ளை ஜகார்த்தாவில் என்று வீட்டுக்கு ஒருவராவது வெளியே இருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பயணத்துக்கு மூட்டை கட்டும் அழகைப் பார்க்க வேண்டும்! பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஆவக்காய், அப்பளக் கட்டு, போதாததற்கு ஒரு சின்ன ரைஸ் குக்கர். சுற்றுலாக் கம்பெனியோடு போய் ஓட்டலில் தங்குகிறவர்கள் பொடி டப்பா எடுத்துப் போவதில் குற்றமில்லை. உறவினர் வீட்டில் போய்த் தங்குகிறவர்கள் இந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் கருத்து.

சென்ற ஆண்டு நானும் என் மனைவியும், மகன், மருமகள், பேத்தியோடு பத்து நாள் இந்தோனேசியாவில் மேடான் நகருக்குப் போய் வந்தோம். சுமத்ரா தீவின் பெரிய ஊர் அது. என் தம்பி மகள் அங்கே கணவனோடும் ஒன்பது வயதுப் பையனோடும் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குப் பனை எண்ணெய் ஆலை இயந்திரங்கள் சம்பந்தப்பட்ட வேலை. அவளும் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள்.

ரயில்வேக்காரன் எங்கே போனாலும் முதலில் தண்டவாளத்தைத்தான் பார்ப்பான். கோலாநாமு விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் ரயிலிலேயே போய்விடலாம். 2013-ல் வந்த இந்தப் பாதைதான் அந்த நாட்டின் முதல் விமான நிலைய ரயில் இணைப்பு. கேஜ் 1067 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜைவிடச் சற்று அகலம். மேடானில் முதல் ரயில் பாதை 1886-ல் திறக்கப்பட்டது. டச்சுக்காரர்களின் புகையிலைத் தோட்டங்களுக்காகப் பிறந்த ரயில்வே அது. அதே தோட்டங்கள்தான் நம் தமிழர்களையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன. அவர்கள் கட்டிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1884-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது இருக்கும் பகுதிக்கு இன்றைய பெயர் கம்போங் மெட்ராஸ்.

தொடர்பு இன்னும் பழையது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. கப்பலை அவர்கள் 'கபல்' என்கிறார்கள். கடை 'கெடாய்', பெட்டி 'பெத்தி', மாங்காய் 'மங்கா'. அந்த மண்ணும் அதன் சமையலும் நமக்கு அவ்வளவு அந்நியம் அல்ல.

உணவை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பால், புளி, மஞ்சள், மல்லி, மிளகாய், வாழை இலை எல்லாம் அங்கேயும் உண்டு. 'சாயூர் அசெம்' என்பது சோளம், சௌசௌ, வேர்க்கடலை போட்ட புளிக்குழம்பு. சற்றே இனிப்பு தூக்கலாக இருக்கும். 'லோண்டோங்' என்பது அரிசியை வாழை இலைக்குள் உருட்டிப் பல மணி நேரம் வேகவைத்த கட்டிச் சோறு. 'காடோ காடோ' வெந்த காய்கறிகள்மேல் வேர்க்கடலைக் குழம்பை ஊற்றியது. படாங் சாப்பாட்டுக் கடைகளில் ஆர்டர் கொடுக்கும் முன்பே பத்துப் பதினைந்து சின்னத் தட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கிவிடுவார்கள். தொட்டதற்கு மட்டும் காசு! என் மகன் ரெண்டாங் என்ற மாட்டிறைச்சி வறுவலைத் தொடவில்லை. முட்டைக் குழம்பையும் மரவள்ளி இலைக் கறியையும் காலி செய்தான்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது டெம்பே. சோயா மொச்சையை ஊறவைத்துத் தோல் நீக்கி வேகவைத்து, அதில் ஒருவகைப் பூஞ்சையைக் கலந்து வாழை இலையில் கட்டி வைக்கிறார்கள். ஓரிரு நாளில் அது வெள்ளைக் கட்டியாக இறுகிவிடுகிறது. துண்டு போட்டுப் பொரித்தால் டெம்பே கோரெங். மாவைப் புளிக்கவைத்து இட்லி வார்க்கும் நாம் இதைப் பார்த்து முகம் சுளிக்க என்ன இருக்கிறது?

ஆனால் முகம் சுளிக்கிறோம். இரண்டாம் நாள் மாலை நடந்ததைச் சொல்கிறேன். தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனேன். பையன் பின்கட்டில் நின்றுகொண்டே டெம்பே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஏம்ப்பா, மேஜையில உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா?" என்றேன். "உங்களுக்கெல்லாம் இந்த வாசனை பிடிக்காதாம் தாத்தா. அம்மா சொன்னாங்க" என்றான். முன்பு வந்து போன உறவினர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டாராம். அதிலிருந்து இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் பையனுக்குப் பின்கட்டுதான்.

அவன் அம்மாவோ ராத்திரி பத்து மணிக்கு எங்களுக்காக மாவு அரைத்துவிட்டு, காலை ஐந்து மணிக்கு எழுந்து இட்லியும் சட்னியும் செய்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள். "நீங்க என்னம்மா தினம் சாப்பிடுவீங்களோ அதையே எங்களுக்கும் போடு" என்றேன். "பெரியப்பா, நிஜமாவா?" என்று இரண்டு முறை கேட்டாள். மறுநாள் முதல் பையனின் தட்டு மேஜைக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் வேலையையும் அவனே ஏற்றுக்கொண்டான்.

இதில் எனக்குத் தோன்றுவது இதுதான். உறவினர் என்றால் ஒளிந்து சாப்பிட வைக்கிறவர்கள் என்று ஒரு குழந்தை ஒன்பது வயதில் கற்றுக்கொண்டால், அது பத்தொன்பது வயதில் நம் வீட்டுப் படியை எப்படி ஏறும்? நாம் ஆயிரக்கணக்கில் டிக்கெட்டுக்குச் செலவழித்துப் போவது உறவை வளர்க்கத்தானே!

மூன்று ஆட்சேபங்கள் வரும். முதலாவது, "நாங்கள் சைவம்." என் மனைவியும் சைவம்தான், பத்து நாளும் தன் நியமத்தை விடவில்லை. அங்கே 'தெராசி' என்ற இறால் விழுதைச் சம்பலிலும் குழம்பிலும் சேர்ப்பார்கள். வீட்டில் அதை விட்டுவிட்டுச் செய்யச் சொன்னால் போதும். கடையில் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். கொள்கை காரணமாக வேண்டாம் என்பது வேறு, அருவருப்புக் காட்டுவது வேறு. குழந்தைகளுக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது, வயிறு. வயதானவர்களுக்கு இது நியாயமான கவலை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பனைவெல்லம் சேர்ந்த 'கேச்சாப் மானிஸ்' சாஸிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மாத்திரையை எடுத்துப் போங்கள், காரத்தைக் குறையுங்கள். அதற்கு ரைஸ் குக்கர் தேவையில்லை.

மூன்றாவது, "நம் கலாச்சாரம் என்னாவது?" டெம்பே சாப்பிடும் ஊரில் மாரியம்மன் 140 ஆண்டுகளாகக் குடியிருக்கிறாள். கம்போங் மெட்ராஸில் சந்தித்த ஒரு மூதாட்டி எங்களிடம் சரளமாகத் தமிழ் பேசினார். அவர் தலைமுறை அங்கே கீரைக் கூட்டையும் சம்பலையும் ஒரே இலையில் வைத்து வளர்ந்ததாம். நம் கதையும் அதுதானே? இங்கே கல்கத்தாவில் பிறந்த நம் பிள்ளைகள் லுச்சியும் ஆலு தமும் ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் கடுகெண்ணெய் வாசனைக்கு முகத்தைத் திருப்பும்போது நமக்கு எப்படி இருக்கிறது? அந்த வருத்தத்தை அறிந்த நாமே அதை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைக்கலாமா?

எனவே என் யோசனை இவ்வளவுதான். போவதற்கு முன்பே போன் செய்து, "எங்களுக்கென்று தனியாகச் சமைக்க வேண்டாம், இன்னின்னது மட்டும் சாப்பிட மாட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது அந்த வீட்டுப் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவதைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். பொடியும் ஊறுகாயும் கொண்டுபோவதானால் அவர்களுக்குக் கொடுப்பதற்காகக் கொண்டுபோங்கள், நீங்கள் சாப்பிடுவதற்காக அல்ல. ரைஸ் குக்கர் மிச்சப்படுத்தும் இடத்தில் அந்த வீட்டுப் பையனுக்கு நாலு தமிழ்க் கதைப் புத்தகம் வைக்கலாம்.